ஊருணிக்கு ஷட்டர் கிடையாது

போன வாரம் ராமேசுவரம் தீவில், பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து வணக்கம் சொன்னார். சென்னையில் ஒரு கூரியர் கம்பெனியில் நாலு வருஷம் டீம் லீடராக இருந்தவர். குரூப் 4 எழுதித் தேறி, இப்போது ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சேர்ந்து பத்து நாள் ஆகிறதாம். "ஆறு மாசம் பொறுங்க ஐயா, இந்த ஆபீசைக் கம்பெனி மாதிரி ஆக்கிடுறேன்" என்றார். டீக்கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஊரக வளர்ச்சித் துறையில் 34 வருஷம் ஓட்டியவன் நான். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை யாராவது இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னவன் நானே. டீ ஆறுவதற்குள் பேசி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதித் தருகிறேன், அவருக்கும் அவரைப் போல வந்து சேர்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும்.

1. கூரியர் கம்பெனியில் ‘இந்தப் பின்கோடுக்கு டெலிவரி கிடையாது’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பார்க்கச் சின்னப் பட்டியல்தான். ஆனால் நேரக் கணக்கு, லாபக் கணக்கு, வாடிக்கையாளர் கொடுக்கும் நட்சத்திரம் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. கட்டுபடியாகாத ஆளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தவரை நன்றாகக் கவனிப்பது கடைக்காரர் வழி. அதைக் குற்றம் சொல்லவில்லை. ஊராட்சிக்கு அந்தப் பட்டியல் கிடையாது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது நஷ்டம் என்று தீர்மானம் போட்டுவிட்டு யாரும் கதவைச் சாத்த முடியாது. வரி பாக்கி வைத்தவர் தெருவிலும் விளக்கு எரிய வேண்டும். நம் ராமநாதபுரம் சீமையில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தார்கள். குடத்தோடு வருகிறவரிடம் ‘உங்களுக்கு இல்லை’ என்று சொல்லக்கூடாத இடம் அது. (அப்படியே எல்லாரையும் இறங்க விட்டார்களா என்றால் இல்லை. அது தனி வழக்கு, சட்டம் வந்து வழிவிட வைத்தது.) ஊருணிக்கு ஷட்டர் கிடையாது. எந்தக் கம்பெனி முறையைக் கையில் எடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: யாரையாவது வெளியே நிறுத்த முடிகிற இடத்தில் மட்டும் ஓடுகிற முறையா இது?

2. அரசு ஆபீசைக் கம்பெனி மாதிரி ஆக்குவது உங்கள் காலத்துப் புதுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் தாட்சர் அம்மையார் காலத்தில் சூடு பிடித்த பேச்சு. 1991-இல் கிறிஸ்டோபர் ஹூட் என்ற பேராசிரியர் அதற்கு ‘புதிய பொது மேலாண்மை’ என்று பேர் வைத்தார். அதே வருஷம் அங்கே பிரதமர் ஜான் மேஜர் மக்கள் சாசனம் கொண்டுவந்தார். 1997-இல் டெல்லியில் நடந்த முதலமைச்சர்கள் மாநாட்டுக்குப் பிறகு நாமும் அலுவலக வாசலில் பலகை வைத்தோம்: இந்தச் சான்று இத்தனை நாளில், இந்தக் குறை இத்தனை நாளில். பலகையில் பேர் எழுதப்பட்ட அதிகாரி ஓய்வு பெற்று, பேத்திக்குக் காதுகுத்தும் முடித்த பிறகும் அதே பேர் இருந்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். நகராட்சி, மாநகராட்சிகளில் கம்பெனிக்காரர் போல இரட்டைப் பதிவுக் கணக்கை 2000-01-இல் கொண்டுவந்தது தமிழ்நாடு. இந்தியாவிலேயே நாம்தான் முன்னால். வந்த பணம், போன பணம் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், கட்டாமல் கிடக்கிற கரண்ட் பில் பாக்கி கணக்கில் தலை காட்டாது. அந்தப் பொய் அதோடு போனது.

3. முதல் மாதம் எதையும் எங்கேயும் ஒட்டாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்தது. ஊர் பேர் வேண்டாம், இந்தத் தீவு இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊராட்சியில் தண்ணீர்ச் சண்டை. டேங்க் ஆபரேட்டர் இஷ்டத்துக்கு வால்வு திறக்கிறார் என்று தினம் ஒரு புகார். நான் அப்போதுதான் மூன்று நாள் மேலாண்மைப் பயிற்சி முடித்து, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஃபைலுமாகத் திரும்பியிருந்தேன். ஆறு தெரு, தெருவுக்கு 40 நிமிஷம் என்று அட்டவணை டைப் அடித்து டேங்க் தூணில் ஒட்டினேன். ஆபரேட்டர் படித்துப் பார்த்துவிட்டு "சரிங்க சார்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கடைசித் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அந்த ஆபரேட்டரோடு நடந்தேன். பழைய முறைப்படியே ஒருநாள் விடச் சொன்னேன். வால்வுக் குழிக்குள் கையை விட்டு, சுற்றுகளை எண்ணி எண்ணித் திறந்தார். முதல் தெருவுக்கு மூணு சுத்து, பள்ளிக்கூடத் தெருவுக்கு அஞ்சு, கடைசித் தெருவுக்கு முழுசாக. அதுவும் கடைசித் தெருவுக்குத்தான் முதலில் திறந்தார். முன்தெருக்களில் வீட்டுக்கு வீடு குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். அவர்கள் எழுந்து சுவிட்சைப் போடுவதற்குள் கடைசித் தெருவில் குடம் நிறைந்துவிட வேண்டும். அது மேட்டுத் தெரு வேறு. நிமிஷத்தை நான் சமமாகப் பிரித்தேன், தண்ணீர் சமமாகப் பிரியவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "நீங்கதான் ஒட்டிட்டீங்களே சார்" என்றார்.

4. எண்களைப் பற்றி. 2018 ஜனவரியில் நீதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் இரண்டே மாவட்டங்கள், விருதுநகரும் நம் ராமநாதபுரமும். சுகாதாரம், கல்வி, விவசாயம் என்று ஐந்து தலைப்பில் 49 குறியீடுகள். மாவட்டங்களுக்குள் போட்டி, மாதாமாதம் தரவரிசை. எங்கே நிற்கிறாய் என்பதை விட, போன தடவையிலிருந்து எவ்வளவு நகர்ந்தாய் என்பதற்கு மதிப்பெண். கம்பெனியில் சேல்ஸ் பிரிவை நடத்துகிற அதே முறை. நன்மை இருந்தது. இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று மேலேயிருந்து ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், கிராம செவிலியர் கைக்கு மாத்திரை நேரத்துக்கு வந்து சேரும்.

ஆனால் விவசாயம், நீர்வளம் என்ற தலைப்பை எடுத்துப் பாருங்கள். சொட்டுநீர்ப் பாசனம், பயிர்க் காப்பீடு, மண்வள அட்டை, மாட்டுக்குத் தடுப்பூசி எல்லாம் உண்டு. மீனுக்கு ஒரு வரி கிடையாது. பாம்பனில் மண்வள அட்டையை யார் கையில் கொடுப்பது? வடகடலிலும் தென்கடலிலும் வலை போடுகிற ஊருக்கு, அதன் பிழைப்பைத் தவிர மற்றதையெல்லாம் அளந்தார்கள். இதில் கெட்ட எண்ணம் இல்லை. நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் மாவட்டத்துக்கும் ஒரே படிவம், அவ்வளவுதான். படிவத்தில் இல்லாத வேலை மெல்ல மெல்ல யாருடைய வேலையும் இல்லாததாக ஆகிவிடும். உங்கள் மேஜைக்கு வருகிற படிவத்தில் விடுபட்டது என்ன என்று தனியாக ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். அதுவும் எண்தான், ஒன்றிலிருந்து பதினொன்று வரை. கூண்டு ஏறிய செய்தி வந்ததும் எந்தப் படகை எங்கே கட்டுவது, எந்த வள்ளத்தைக் கரையில் ஏற்றுவது என்று கடற்கரையில் ஒவ்வொருவர் கையும் தானாகப் போகும். பார்த்தவுடன் யார் கை எங்கே போக வேண்டும் என்று சொல்லாத எண்ணை டேஷ்போர்டில் ஏற்றி என்ன பயன்?

5. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதி மனுவை முடிக்காதீர்கள். நானும் அப்படி முடித்திருக்கிறேன், வாரக் கடைசியில் நிலுவை பூஜ்யம் என்று காட்ட வேண்டியிருந்தது. ஒரு அம்மா அந்தப் பதில் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். "பேப்பர் வந்துருச்சு சார், தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

6. செல்போனில் வருகைப்பதிவு. நூறு நாள் வேலையில் காலையும் மதியமும் வேலைத்தளத்தில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று ஆப் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமானது. போலிப் பேர்களை ஒழிக்கத்தான் கொண்டுவந்தார்கள், நோக்கம் நல்லது. நடந்தது என்ன? சிக்னல் கிடைக்கிற மேடு தேடிப் பணித்தளப் பொறுப்பாளர் நடக்க, மண் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிழவிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். படம் ஏறாத நாளில் வேலை செய்தவர் கூலிதான் ஊசலாடியது. ஏய்க்க நினைத்தவர்களோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. பிறகு அந்தப் படங்களை ஆள் வைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஆளை நம்பாமல் கருவி, கருவியை நம்பாமல் மறுபடி ஆள்.

7. இது முக்கியமானது, பொறுமையாகப் படியுங்கள். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் எதற்கெடுத்தாலும் ‘ஆர்டர் இருக்கா, ஃபைல்ல இருக்கா’ என்று கேட்பார். எரிச்சல் வரும். சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கம்பெனியில் மோட்டார் எரிந்தால் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஜிபேயில் பணம் போட்டு, சாயங்காலம் ஓட விட்டுவிடலாம். இங்கே மூன்று கொட்டேஷன், மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, தீர்மானம். பெரிய வேலை என்றால் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். இந்த வேலிகள் சும்மா முளைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் மச்சானுக்கு வேலை கொடுத்த கதை இருக்கிறது.

அடுத்தது தணிக்கை. கம்பெனியில் ஒரு முடிவு தப்பானால் இன்கிரிமென்ட் போகும், மிஞ்சினால் வேலை போகும், வேறு கம்பெனி பார்க்கலாம். இங்கே பத்து வருஷம் கழித்து, நீங்கள் வேறு ஒன்றியத்தில் இருக்கும்போது, ‘விதிக்குப் புறம்பான செலவு’ என்று தணிக்கைத் தடை வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு புயலுக்கு அடுத்த நாள் கொட்டேஷன் வாங்காமல் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தார். ஊருக்கு அன்று இரவே தண்ணீர் வந்தது, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஓய்வு பெறும்போது அந்த வாடகைத் தொகைக்காகப் பணப்பலன் பாதி நின்றது. கும்பிட்டவர்கள் யாரும் தணிக்கை அலுவலகத்துக்கு வந்து சாட்சி சொல்ல முடியாதே. ‘துணிந்து முடிவெடு’ என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறவர்கள், துணிந்தவரைக் காப்பாற்ற ஒரு விதியைச் சேர்த்துவிட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும். அதுவரை உங்களுக்கு ஒரே வழி: அவசரத்தில் செய்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள். என்ன நடந்தது, மணி என்ன, யாரிடம் போனில் அனுமதி கேட்டோம், ஏன் காத்திருக்க முடியவில்லை. மறுநாள் எழுதினால் அது விளக்கம் ஆகிவிடும். அன்றே எழுதினால்தான் பதிவு.

8. சரக்கைக் கையில் வைக்காதே, தேவைப்படும்போது வரவழை என்பது டொயோட்டா காட்டிய வழி. கார் தொழிற்சாலைக்குச் சரி. 2024 நவம்பர் 20 அன்று இந்தத் தீவில் என்ன நடந்தது? ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பாம்பனில் மேகவெடிப்பு. தண்ணீர் இறைக்கிற மோட்டாரை அன்றைக்கு யாரிடம் ஆர்டர் போடுவது? வெளியிலிருந்து எது வந்தாலும் பாலம் ஏறித்தான் வர வேண்டும். ஸ்டோர் ரூமில் சும்மா கிடக்கிற ரெண்டு மோட்டார், ப்ளீச்சிங் பவுடர் மூட்டை, காலிச் சாக்கு இதெல்லாம் வீண் முதலீடு என்று எழுதாதீர்கள்.

9. வரி வசூலுக்கு டார்கெட் வைத்தால் யார் கதவை முதலில் தட்டுவீர்கள்? திறக்கிற கதவைத்தான். லாட்ஜ்காரர் வக்கீலைக் காட்டுவார். குடிசையில் இருக்கிற அம்மா கடன் வாங்கியாவது கட்டிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூறு வசூல் என்று பேர் வாங்கிய இடங்களில் மிச்சப் பத்து யாருடையது என்று ஒருமுறை பட்டியல் எடுத்துப் பாருங்கள். கடற்கரை ஊருக்கு இன்னொன்றும் உண்டு. வாடைக்காற்றில் கடலுக்குப் போகாத நாள் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நம் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்பது மீனுக்குத் தெரியாது. படகோடு ஆளையும் இலங்கையில் பிடித்து வைத்திருக்கிற வீட்டுக்கு டிமாண்ட் நோட்டீஸ் எடுத்துக்கொண்டு போகிற நிலை உங்களுக்கு வரலாம். அன்றைக்கு நோட்டீசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். வருகைக் குறிப்பில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதுங்கள் என நான் சொல்லக்கூடாது, சொல்லவில்லை.

10. வருகிறவரை ‘கஸ்டமர்’ என்று கூப்பிடும் பழக்கம் சில அலுவலகங்களில் வந்திருக்கிறது. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் கஸ்டமர் கடை கணக்கைக் கேட்க முடியாது. கிராம சபையில் ஊர்க்காரர் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். கம்பெனிக்கு நிர்வாகக் குழு எப்படியோ அப்படி ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நம் மாவட்டத்தில் அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2016-லிருந்து 2019 வரையும் இதே கதைதான். கூட்டமில்லை, கூச்சலில்லை, ஃபைல் வேகமாக நகர்கிறது என்று அப்போது சில அதிகாரிகள் சொல்லக் கேட்டேன். உண்மை, நகர்ந்தது. எந்தத் தெருவுக்கு நகர்ந்தது என்று கேட்கத்தான் வார்டு உறுப்பினர் இல்லை.

11. புதியது வரும்போது ரெண்டாவது பாலம் எது என்று பாருங்கள். 1914-ஆம் வருஷத்துப் பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலத்துக்குச் சோதனை ஓட்டம், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு, அவர் சொன்ன குறைகள் என்று எல்லாம் கடந்து 2025 ஏப்ரல் 6-இல்தான் திறந்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு மேல். அதுவரை தீவு பட்டினி கிடக்கவில்லையே, ஏன்? 1988-இல் திறந்த ரோடு பாலம் பக்கத்திலேயே இருந்தது. நம் அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வரும், திங்கட்கிழமை முதல் ஆன்லைன் மட்டும் என்பார்கள். சர்வர் படுத்தால் போக வேறு வழி இருக்காது. ஆறு மாதத்துக்காவது பழைய பதிவேட்டை மூடாதீர்கள். இரட்டை வேலைதான். செய்யுங்கள்.

12. வெளி ஆள் ஒப்பந்தத்துக்குப் போகும் முன் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று ரெண்டு தடவை படியுங்கள். குப்பையின் எடைக்குக் காசு என்று எழுதினால், குப்பை குறைய வேண்டும் என்ற ஆசை ஒப்பந்தக்காரருக்கு எப்படி வரும்?

13. கம்பெனியிலிருந்து கட்டாயம் கொண்டு வர வேண்டியவையும் உண்டு. டோக்கன் கொடுத்து நாற்காலி போடுங்கள், சிபாரிசோடு வந்தவரும் வரிசையில் வரட்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு அட்டை: எப்போது வாங்கியது, எத்தனை தடவை காயில் கட்டியது, யார் கட்டியது, எவ்வளவு ஆனது. உப்புக்காற்றில் எதுவும் நிலைக்காது என்று பொதுவாகச் சொல்லிப் பில் போடுகிற பழக்கம் அந்த அட்டை வந்ததும் பாதி குறையும். மனு முடிந்தது என்று எழுதும் முன் மனுதாரருக்கு ஒரு போன் போட்டு ‘வந்துச்சாம்மா?’ என்று கேளுங்கள். உங்கள் கூரியர் கம்பெனியில் பார்சல் கொடுத்துவிட்டு ஓடிபி வாங்குவீர்களே, அதுதான். இந்த மூன்றுக்கும் யார் அனுமதியும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம்.

14. நிர்வாகம் என்பது கோட்டுப் போட்டவர்கள் கண்டுபிடித்தது இல்லை. சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கிற பெண்களிடம் போய்ப் பேசுங்கள். தேசியப் பூங்காத் தீவுகளைச் சுற்றி எடுப்பதில் வனத்துறையோடு வருஷக்கணக்கில் தகராறு. கடைசியில் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று ஒரு கட்டுக்கு வந்தார்கள், பாசி வளர நாள் விட்டு. அந்தப் பெண்களை வழிநடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில் சீக்காலஜி விருது கொடுத்தார்கள். டார்கெட்டைக் கூட்டுகிற முறையைத்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தானே குறைத்து, குறைத்ததை ஆள் வைத்துக் காவல் காக்காமலே நடத்துகிற முறையை அங்கேதான் கற்க முடியும்.

தம்பி, உங்கள் ஒன்றியத்து டேங்க் ஆபரேட்டர் ஒருவரிடம் பேசிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை காலை நாலு மணிக்கு டேங்க் அடியில் நிற்பார். டார்ச் லைட் கொண்டு போங்கள். வால்வுக் குழியில் கை விடும் முன் அடித்துப் பார்க்க வேண்டும், தேள் கிடக்கும்.